பச்சை என்று எழுதிய நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் எழுதினால் கண் கெட்டுப்போகும் என்று பரீட்சை நாட்களில்கூட என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி வைத்தவர் நீங்கள். ஆனாலும் இன்று எழுதாமல் படுத்தால் உறக்கம் வராது. பிந்தியது இந்த ராத்திரி மட்டும் இல்லை. உங்கள் கடைசி இன்லாண்டு கடிதத்துக்கு நான் எழுதும் பதில் இது. ஆறு வருஷம் பிந்தி எழுதுகிறேன்.

அடுக்களையில் ஸ்பிரிட் விளக்கின் வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தாயிற்று. ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்றும் வருகிறது. ஆனாலும் அந்த வாசனை சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இது இந்த அம்பாசமுத்திரத்து வீட்டின் வாசனையே இல்லை, அப்பா. பாளையங்கோட்டையில் நம் வீட்டுப் பின்வாசலின் ஞாயிற்றுக்கிழமைக் காலை வாசனை.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கும்போதுதானே உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. வாரம் ஒருமுறை வீட்டிலேயே சிறுநீர் சோதித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். கண்ணாடிக் குழாய், மர இடுக்கி, விளக்கு, நீலத் திரவம் அடைத்த பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். "வீட்டுக்குள்ளயே ஒரு லேபு இருக்கும்போது நமக்கு என்னட்டி கவல?" என்றீர்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை! நீலத் திரவத்தைக் குழாயில் அளந்து ஊற்றி, எட்டுச் சொட்டு நீர் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்கவைத்து, ஆறவைத்துப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய் செங்கல் நிறத்தில் நின்றால் ரொம்ப மோசம்.

ஆபீஸ் காகிதத்தை மடித்துத் தைத்து, கட்டம் போட்டு, நீங்களே ஒரு நோட்டும் செய்து தந்தீர்கள். தேதி, நேரம், நிறம், கையொப்பம். கையொப்பம் என்னுடையது. கொக்கிரகுளத்து ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக நீங்கள் ஒப்பமிட்டது போதாதென்று, வீட்டிலும் ஒரு பதிவேடு.

அம்மா அடுக்களை வாசலில் தோசைக் கரண்டியோடு நின்று கேட்பாள்.

"என்ன நெறம்ட்டி?"

"நீலம்மா."

"அப்ப இன்னொரு தோசை போடலாம்."

அந்த நோட்டில் பக்கம் பக்கமாக நீலம்தான். நடுவே எப்போதாவது ஒரு பச்சை. நீங்கள் அதைப் பார்த்துப் பார்த்துத் தைரியமாக இருந்தீர்கள். நானும்தான். முந்தின நாள் சாயங்காலம் குடித்தது மறுநாள் காலையில் எடுக்கும் நீரில் முகம் காட்டாது என்பது படித்த எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களை அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் நீங்கள் குடையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பீர்கள். கடைக்கார அண்ணாச்சி கேட்காமலே இரண்டு ஆரஞ்சுக் கலர் பாட்டிலை உடைத்து வைப்பார். சோடாவும் சீனிப்பாகும் சாயமும் கலந்த பாட்டில்தான் அது. நாக்கு வரைக்கும் நிறம் ஏறிவிடும். முதல் மடக்கைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். காப்பிக்குச் சீனியை நிறுத்தியதிலிருந்து ஒருநாள்கூட நீங்கள் டாக்டரின் பேச்சை மீறவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வீர்கள். அது உண்மையும்கூட. காப்பியில் சீனி கிடையாது. அதற்குப் பதில் கருப்பட்டி.

"அப்பா, இதுலயும் சீனிதானப்பா இருக்கு" என்று ஒரே ஒரு முறை சொன்னேன்.

"டாக்டரு என்ன சொன்னாரு? காப்பிக்கும் பாலுக்கும் சீனி சேக்கக் கூடாதுன்னாரு. கலர்னு ஒரு வார்த்த சொன்னாரா? ஜி.ஓ.ல இல்லாதத நாமளா சேத்து வாசிக்கக் கூடாதுட்டி."

நான் சிரித்துவிட்டேன். உங்கள் ஆபீஸ் பேச்சுக்கு நான் எப்போதும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வீட்டுக்கு வரும் வழியில் "நாக்கக் கழுவிக்க, ஒங்கம்ம கண்டுபிடிச்சிருவா" என்று தெருக்குழாயில் என்னைக் கொப்பளிக்க வைப்பீர்கள். நீங்களும் கொப்பளிப்பீர்கள். குற்றத்தில் கூட்டாளிகள் நாம்.

*

இந்த வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த நாள் உங்களுக்கும் நினைவிருக்கும்.

முன்பக்கப் பட்டாசாலைக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, அம்மா ஒரு பெட்டிக் கலரை வாளித் தண்ணீரில் குளிரப் போட்டிருந்தாள். நம் பக்கத்தில் வந்தவர்களுக்குக் கலர் உடைத்துக் கொடுக்காவிட்டால் வாவென்று சொன்னதாகவே கணக்கில்லை. வீட்டுக்காரர் கையில் பாட்டில் இல்லாமல் வந்தவர் வாய் வைப்பதும் இல்லை. நீங்கள் மட்டும் செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் கதவுக்குப் பொறத்தால நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு மாமியாராக இருக்கும் அத்தைதான் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, எங்களுக்குக் கலரக் குடுத்துட்டு நீங்க பச்சத்தண்ணிய வச்சிக்கிட்டு இருக்கிய? சீனி கீனி இருக்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது. உங்கள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"யாருக்கு, எனக்கா? எங்க வீட்டுச் சீனியெல்லாம் டப்பாக்குள்ளதான் இருக்கு மதினி" என்றீர்கள். வாளியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, உடைத்து, ஒரே மூச்சில் குடித்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "ஏ, இன்னொண்ணு ஒடச்சுக் குடு" என்று அம்மாவிடம் கை நீட்டினீர்கள். அம்மா கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? அப்பனுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று சொல்லி, தட்டு மாற்றிய பிறகுகூடச் சம்பந்தம் முறிந்த வீடு நம் தெருவிலேயே இருந்தது.

இந்த வீட்டு மாமாவும் அன்றைக்குத் தன் பாட்டிலை அடி தெரியும்வரை குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அது எனக்கு அன்று ஒன்றாகவே படவில்லை. இன்று காலை வரையிலும் படவில்லை.

அதற்குப் பிறகு அழைப்பு. நீங்களும் அம்மாவும் குங்குமச் சிமிழோடும் பத்திரிகைக் கட்டோடும் பஸ் ஏறிப் போனீர்கள். சீவலப்பேரி, வள்ளியூர் என்று ஒவ்வொரு ஊராக, வீடு வீடாக. ராத்திரி திரும்பிவந்து அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"எட்டு வீடு போனோம். ஏழு வீட்டுல கலரு. ஒரு வீட்டுல மோரு. அந்த மோரு குடுத்த மவராசி நல்லா இருக்கணும்."

"வேண்டாம்னு சொல்லக் கூடாதாப்பா?" என்றேன்.

"ஏன் வேண்டாம்னு கேப்பாவ. ஒரு வீட்டுல சொன்னா ஒம்பது வீட்டுக்குத் தெரியும். அந்தப் பேச்சு நமக்கு முந்தி பஸ் ஏறி அம்பாசமுத்திரத்துல போய் எறங்கிரும். எனக்கு ஒரு தாகம், குடிக்கேன். சவத்த விடு."

உண்மையிலேயே தாகமாகத்தான் இருந்தது உங்களுக்கு. ராத்திரி எழுந்து எழுந்து செம்புத் தண்ணீரைக் குடித்தீர்கள். கொல்லைக்கும் நடுவீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தீர்கள். கல்யாண அலைச்சல் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்த ஞாயிற்றுக்கிழமை. முந்தின ராத்திரி நேரம் கழித்துத்தான் வந்தீர்கள். காலையில் குழாயை விளக்கில் காட்டினேன். நீலம் கலங்கிப் பச்சையானது. பச்சை நிற்கவில்லை. மஞ்சளாகி, கொதிக்கக் கொதிக்கச் செங்கலைப் பொடித்துக் கரைத்த மாதிரி அடியில் கெட்டியாகத் தங்கியது. துவைக்கல்லில் உட்கார்ந்திருந்த நீங்களும் பார்த்தீர்கள்.

அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள். "என்ன நெறம்ட்டி?"

நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். "பச்சைன்னு சொல்லு மக்கா. கல்யாணம் முடியட்டும். மறுநாளே நான் டாக்டருட்டப் போறேன். அவளுக்குத் தெரிஞ்சா அழைப்ப நிறுத்திப்புடுவா. ஊரக் கூட்டிருவா."

"பச்சைம்மா" என்றேன்.

பிறகு நோட்டை எடுத்து, தேதி போட்டு, பச்சை என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். அடுத்த மூன்று ஞாயிறும் அதேதான். நிறம் அது, எழுத்து இது.

நீங்கள் சொன்னதால் எழுதினேன் என்றே இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று உங்களிடம் மறைக்க வேண்டாம். அவரை எனக்குப் பிடித்திருந்தது, அப்பா. பெண் பார்க்க வந்த அன்று கலர் பாட்டிலைத் தட்டில் திரும்ப வைக்கும்போது கதவுப் பக்கம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு போதும் என்று இருந்தது. அந்தக் கல்யாணம் நிற்பதை நானும் விரும்பவில்லை. நீங்கள் சொல்லாவிட்டாலும் ஒருவேளை பச்சை என்றுதான் எழுதியிருப்பேன்.

தாலி கட்டி முடிந்து, உங்கள் காலில் விழுந்து எழும்போதுதான் கண்டேன். வலது கால் பெருவிரலில் மஞ்சள் பூசிய துணி சுற்றியிருந்தது. ஈரம் வெளியே கசிந்திருந்தது.

"என்னப்பா இது?"

"புதுச் செருப்பு கடிச்சிட்டு. அலைச்சல்லா. வலியே இல்ல பாத்துக்கோ."

வலி இல்லை என்றதும் நிம்மதியாக எழுந்து மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றேன். வலிக்காததுதான் ஆபத்து என்று பிற்பாடு டாக்டர் சொல்லும்போது அம்மா மட்டும்தான் அங்கே இருந்தாள்.

*

உங்கள் கடைசிக் கடிதம் இப்போது என் மடியில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதியது. எழுத்து கொஞ்சம் சரிந்திருக்கிறது. கால் பெருவிரலை அறுத்து எடுத்ததை ஒரே வரியில், ஒரு மூலை உடைந்த மேஜையைப் பற்றி எழுதுவதுபோல எழுதியிருக்கிறீர்கள். "கால் பைய ஆறி வருகிறது. நீ உண்டாகி ஆறாம் மாதம் நடப்பதாக அம்மா சொன்னாள். சந்தோஷம். நீரும் இரத்தமும் சோதித்துக்கொள். ஏன் என்று அங்கே கேட்டால், சும்மா என்று சொல். கலர் குடிக்காதே. உடன் பதில் போடவும்." எந்தக் கடிதமானாலும் உங்கள் கடைசி வரி அதுதான். தபால் அலுவலகத்துக்கு எழுதும் புகார்க் கடிதத்தில்கூட.

பதில் போடவில்லை. எழுத உட்கார்ந்தால் சோதித்தாயா என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். சோதிக்கப் போவதென்றால் அத்தையிடம் கேட்க வேண்டும். கேட்டால், ஏன் என்பார். சும்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. காலில் இருந்த விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது என்றார்கள். ஆறு மாத வயிற்றோடு பஸ்ஸில் வந்தேன். சேரன்மகாதேவி தாண்டும்போதே தெரியும், உங்களைப் பேசும் நிலையில் பார்க்கப்போவதில்லை என்று.

உங்கள் பேத்தி பிறந்தபோது பார்த்தவர்களெல்லாம் கண் வைத்தார்கள். "பிள்ளையா இது? ஆறு மாசக் கொழந்த மாதிரில்லா இருக்கு!" என்று அத்தை திருஷ்டி கழித்தார். பிரசவம் பார்த்த டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே வைத்துச் சொன்னார். வயிற்றில் இருக்கும்போது எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது, அதனால்தான் பிள்ளை இவ்வளவு கனம், இப்போது இறங்கிவிட்டாலும் பின்னால் எனக்கு வரலாம், பிள்ளையையும் வளர வளரப் பார்த்துக்கொள்ள வேண்டும், இனிப்புத் தண்ணீரை வழக்கமாக்கிவிடாதே என்றார். "ஒங்க வீட்டுல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். அத்தை திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "இல்ல டாக்டர்" என்றேன்.

பார்த்தீர்களா, அப்பா. நீங்கள் போன பிறகும் பச்சை என்றுதான் சொன்னேன்.

இந்த வீட்டுக்கு ஓயாமல் ஆள் வரும். வருகிறவர்களுக்குக் கலர் உடைப்பதும் நிற்பதில்லை. இப்போது பெரிய கம்பெனிகளின் கறுப்புத் தண்ணீரும் பெரிய பாட்டிலில் வந்துவிட்டது. அதையும் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறோம். வருகிறவர்கள் முழுவதையும் குடிக்க மாட்டார்கள். கால் பங்கை மிச்சம் வைப்பது மரியாதை. அந்த மிச்சம் பாப்பாவுக்கு. ஆள் வரும் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவாள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரியே நிற்பாள். அவள் பார்வை மட்டும் பாட்டிலில். நான் கண்டித்தால், "பிள்ள வாயில போறதத் தட்டாத" என்பார் அத்தை. நானும் ஒன்றிரண்டு முறைக்கு மேல் சொல்வதில்லை.

ஒரு மாதமாக அவள் ராத்திரியில் எழுந்து தண்ணீர் கேட்கிறாள். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. விட்டிருந்த பழக்கம் திரும்பிவந்து படுக்கையையும் நனைக்கிறாள். வெயில் காலம் என்றார்கள். செம்பை அவள் வாயில் வைத்து, அவள் மடக் மடக்கென்று குடிப்பதைக் கேட்கும்போது, நம் வீட்டு நடையில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டது எனக்கு. முந்தாநாள் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி மேல்தட்டிலிருந்து அந்த நீல பாட்டிலை எடுத்துத் தூசி தட்டினார். "இப்பல்லாம் விரலக் குத்தில்லா பாக்காவ. இத யாரும் வாங்குததே இல்லம்மா" என்றார். உங்கள் குழாயும் இடுக்கியும் விளக்கும் நோட்டும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன. அம்மா சீர்வரிசையோடு சேர்த்து எனக்குத் தெரியாமல் வைத்தவை அல்ல. நீங்கள் போன பிறகு நானே கேட்டு வாங்கி வந்தேன். பாட்டிலை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

இன்று மத்தியானம் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பதி, மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார்கள். உங்கள் வயதுதான் அவருக்கும். குங்குமம் கொடுத்து, பத்திரிகை வைத்து, ஆளுக்கொரு பாட்டில் குடித்துவிட்டு வழக்கம்போல் மிச்சம் வைத்தார்கள். பாப்பா ஓடிவந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். நான் எழுந்து அதைப் பிடுங்கினேன். முற்றத்து மூலையில் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். மற்ற பாட்டிலையும் கவிழ்த்தேன். பிள்ளை வீறிட்டு அழுதது.

"வந்தவுக முன்னால என்னளா கோட்டித்தனம் இது?" என்றார் அத்தை.

சொல்லிவிட்டேன், அப்பா. வந்தவர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"எங்க அப்பாவுக்குச் சீனி இருந்துச்சி அத்தை. கல்யாணத்துக்கு மூணு வருசம் முந்தியே இருந்துச்சி. மறைச்சிட்டோம். எனக்கும் இவ வயித்துல இருக்கும்போது வந்துச்சி. இனி இவ இதக் குடிக்க வேண்டாம்."

வள்ளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். அந்த மனிதர் மட்டும் வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். அவருக்கும் இருக்குமோ என்னவோ. இன்னும் எத்தனை வீடு போக வேண்டியிருந்ததோ.

அத்தை கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். மதுரையில் வேலை பார்க்கும் இவர் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார், அதுவரை எப்படி இந்த வீட்டில் இருப்பது என்று யோசித்தேன். அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

"மாமா வாய்வுக்கு மாத்திர போடுதாவள்ளா" என்றார். "அது வாய்வுக்கு இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"பத்து வருசமா இருக்கு. தெரிஞ்சா நீங்க பொண்ணு தர மாட்டியளோன்னு நாங்களும் சொல்லல. அன்னைக்கு எங்களப் பாத்து யாரும் கேட்டுரக் கூடாதேன்னுதான் நான் முந்திக்கிட்டு ஒங்க அப்பாட்டக் கேட்டேன். வெளையாட்டா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ரெண்டு பாட்டில் குடிச்சாவளே, அண்ணாச்சி. ரெண்டு பாட்டில்!"

அன்றைக்கு அந்தப் பட்டாசாலையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கு ஒருவர் பயந்து, இரண்டு நோயாளிகள் கலர் குடித்திருக்கிறீர்கள், அப்பா. ஒருவர் வாயைத் திறந்திருந்தால் மற்றவரும் திறந்திருப்பார். கல்யாணமும் நடந்திருக்கும். நீங்களும் இருந்திருப்பீர்கள். என் பிள்ளைக்கோ இப்போது அப்பா வழியிலும் உண்டு, அம்மா வழியிலும் உண்டு.

சாயங்காலம் பானைக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்து எல்லோர் கண்ணெதிரேயும் அடுக்களை மேடையில் வைத்தேன். பாப்பாவின் நீரில் எட்டுச் சொட்டு. ஒன்பதா என்று சந்தேகம் வந்து, கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். கொதித்தது. நான் இடுக்கியைப் பிடித்திருக்க, பாட்டி சொல்லிக்கொடுத்த சாமி பெயரையெல்லாம் பாப்பாவே சொன்னாள், எதற்கென்று தெரியாமல். ஆறவைத்தேன்.

நீலம்.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். டியூப் லைட்டில் பார்த்தேன். "நீலம்தான அத்தை?" என்று கேட்டேன். "மை மாதிரில்லா இருக்கு" என்றாள் பாப்பா. என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. ஒருமுறை நிறத்தை மாற்றிச் சொன்ன கண் இது. அன்றைய காலை நேரச் சோதனை என்னை ஏமாற்றியதும் நினைவில் இருக்கிறது. திங்கட்கிழமை திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ரத்தமும் பார்க்கத்தான் போகிறேன். அத்தையும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். கலர்ப் பெட்டியை நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். வருகிறவர்களுக்கு இனி எலுமிச்சம்பழம் போட்ட மோர்தானாம். "எவளாவது மூஞ்சியச் சுழிச்சா நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். கையில் ஒரு பழைய டம்ளர், மேலே காகிதம் போட்டு மூடியிருந்தது.

"எனக்கும் ஒண்ணு பாத்துரும்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீலம் பச்சையாயிற்று. பச்சை நிற்கவில்லை. எனக்கு முன்பே தெரிந்த வழியில், அதே வேகத்தில் போய், அதே செங்கல் நிறத்தில் நின்றது. மாமா குனிந்து பார்த்தார்.

ஊஞ்சலில் இருந்து அத்தை கேட்டார். "என்ன நெறம்ளா?"

மாமா குரலைத் தாழ்த்தி, "வாய்வுக்கு இந்த நெறந்தான் வரும்னு சொல்லிரு" என்றார். சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பு உங்கள் சிரிப்பு இல்லை. ஆனால் அந்தக் கண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

"செங்கல் நெறம் அத்தை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

உங்கள் நோட்டைத் திறந்து, உங்கள் கடைசிப் பச்சைக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு, பாப்பா நீலம், மாமா செங்கல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே உள்ள நான்கு பச்சையையும் அடித்துத் திருத்தலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்தவில்லை. அதுவும் என் கையெழுத்துத்தானே, இருக்கட்டும்.

பாப்பா இப்போதுதான் எழுந்து தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு உறங்கிவிட்டாள். விளக்கை அணைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் இவ்வளவுதான், அப்பா. சோதித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள், சும்மா என்று சொல்லவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டபோது, நான் செங்கல் என்று உரக்கச் சொல்லியிருந்தால், என்னைக் கோபித்திருப்பீர்களா?

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்